எண்ணெத் தண்ணிக்கு பாக்டீரியா வடிகட்டி: இந்த மாசக் கேள்வி பதில்

போன இதழ்ல துணுக்குப் பக்கத்துல நாலே வரி போட்டிருந்தோம், ஒரு வகை பாக்டீரியா நெய்ற செல்லுலோஸ் படலத்த வச்சு எண்ணெய் கலந்த கழிவுத்தண்ணிய வடிகட்டலாம்னு. அவ்ளோதான், பர்மா பூரா இருக்கிற நம்ம வாசகருங்ககிட்டேர்ந்து வைபர்ல கேள்வி வந்து குமிஞ்சிடுச்சு, ராசிபலனுக்குக் கூட இவ்ளோ வராது. அதனால இந்த மாசம் முழுக்க இதே சமாச்சாரம்தான், பாஸ்போர்ட், வீட்டுப் பத்திரம்னு கேட்டவங்க அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கங்க.

ஐயா, பாக்டீரியான்னா வியாதி குடுக்கிறதுன்னுதான் பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்கிறேன். அது எப்டி துணி நெய்யும்? கதை விடுறீங்களா?
(தமிழ்ப் பாடம் எடுக்கிற டீச்சர், தட்டோன்)

கதையெல்லாம் இல்லிங்க டீச்சர். கடைல ஜூஸ் பாட்டில்ல வெள்ளையா கட்டி கட்டியா கிடக்குமே, கடிச்சா நறுக்குன்னு வழுக்கிட்டுப் போகும், நாட்டா டி கோகோன்னு லேபிள்ல போட்டிருப்பான், உங்க பிள்ளைங்க பாதிப் பேர் அத சாப்பிட்டிருப்பாங்க. அது பாக்டீரியா நெய்ததுதான். பிலிப்பைன்ஸ்காரங்க தேங்காத்தண்ணில சர்க்கரை போட்டு, அந்த பாக்டீரியாவ விட்டு, ரொம்ப காலமா அத ஒரு தொழிலாவே பண்றாங்க. கொம்புச்சான்னு புளிக்க வச்ச டீ மேல தடிமனா ஒரு ஆடை மிதக்குமே அதுவும் இதே சரக்குதான்.

பேரு கொமகடைபாக்டர் சைலினஸ், பழைய புத்தகத்துல அசிட்டோபாக்டர் சைலினம்னு இருக்கும், வினிகர புளிக்க வைக்கிற குடும்பம், ஆள ஒண்ணும் பண்ணாது. 1886-ல ஏட்ரியன் ஜான் பிரவுன்னு ஒரு இங்கிலாந்து வேதியியல்காரர், புளிக்கிற திரவத்து மேல படியுற அந்தத் தோல சோதிச்சுப் பாத்து, அட இது செல்லுலோஸ், பஞ்சுல இருக்கிற அதே பொருள்னு எழுதினார். பர்மா ஆயில் கம்பெனி ஆரம்பிச்சதும் அதே 1886-லதான். ரெண்டுக்கும் சம்பந்தம் ஒண்ணும் கிடையாது, வருசம் ஒத்துப்போறத பாத்ததும் சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன்.

நெய்ற விதம் இதுதான். பாக்டீரியா உடம்புல நீளவாக்குல வரிசையா துளை இருக்கு, உள்ள குளுக்கோஸ கோத்து கோத்து சங்கிலியாக்கி அந்தத் துளை வழியா வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும், ஒரே ஒரு பாக்டீரியா மணிக்கு 10 கோடி குளுக்கோஸ் மூலக்கூறு வரைக்கும் கோக்கும்னு கணக்கு சொல்றாங்க. வெளிய வந்த சங்கிலிங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ரிப்பன் ஆகுது, அந்த ரிப்பனோட அகலம் 20லேர்ந்து 100 நானோமீட்டர், நம்ம தலைமுடிய எடுத்தா அதுல கிட்டத்தட்ட ஆயிரத்துல ஒரு பங்கு தேறினா பெருசு. கோடிக்கணக்குல பாக்டீரியா அங்கிட்டும் இங்கிட்டும் நகந்துகிட்டே இப்டி இழுத்து விடுறதால எல்லாம் பின்னிப் பிணைஞ்சு வலையாயிடும். அதுக்குக் காத்து வேணும், அதான் திரவத்தோட மேல்பரப்புலயே படியுது. ஈரமா கையில எடுத்தா எடையில 99 சதவீதம் வெறும் தண்ணி, ஆனா கிழிச்சுப் பாருங்க, லேசுல கிழியாது. மரத்துலேர்ந்து எடுக்கிற நாருல லிக்னின்கிற மரப்பிசின் மாதிரிச் சரக்கு, அது இதுன்னு கூடவே நெறைய வரும், அத பிரிக்கிறதே பெரிய வேல, இதுல அந்தத் தொல்லை இல்ல, கொஞ்சமா காஸ்டிக் சோடா கலந்து காய்ச்சி பாக்டீரியாவ அழிச்சு கழுவிட்டா சுத்தமான செல்லுலோஸ். 1989-ல சோனி கம்பெனி ரொம்ப விலை உசந்த ஒரு ஹெட்போனுக்கு உள்ள அதிர்ற தகட்டையே இதுலதான் பண்ணிச்சு. காயத்துக்கு மேல ஒட்டுற படலமாவும் ஆஸ்பத்திரில வந்திருக்கு. எண்ணெய் வடிகட்டுறது அப்புறமா வந்த யோசன.

அண்ணே, தாம்வேல டீக்கடை வச்சிருக்கேன். ஈ ச்சா குவே (நீளமா பொரிச்ச மாவுப் பண்டம்), சமூசா, பலாட்டா (பரோட்டா) எல்லாம் போடுறோம். சாக்கடை அடிக்கடி அடைக்குது, மழை வந்தா தெருவுல தண்ணி நிக்குது, வார்டு ஆளுங்க வந்து சத்தம் போடுறாங்க. இந்த படலத்த வாங்கி குழாய் வாயில கட்டிட்டா சரியாயிடுமா?
(தாம்வே வாசகர்)

ஆகாது தம்பி. கட்டின அன்னைக்கே அடைச்சுக்கும், அப்புறம் சாக்கடையோட சேத்து அதையும் நீங்கதான் குத்திக்கிட்டு நிக்கணும். இதையே வேற யாராச்சும் "வச்சா போதும் எல்லாம் சரியாயிடும்"னு விக்க வந்தாலும் வாங்காதீங்க.

உங்க கடை எண்ணெ ரெண்டு ரூபத்துல சாக்கடைக்குப் போகுது. ஒண்ணு சட்டில மிஞ்சுன பழைய எண்ணெ, அத யாராச்சும் ராத்திரி கடை கழுவுறப்ப ஊத்திடுவாங்க. இத நிறுத்துறதுக்கு மெஷின் எதுவும் வேணாம், ஒரு டின்னும் ஒரு கண்டிப்பும் போதும், ஆற வச்சு டின்ல ஊத்தி வையுங்க, சோப்பு காய்ச்சுறவங்க வாங்கிக்குவாங்க. ரெண்டாவது தட்டுலயும் சட்டிலயும் ஒட்டிக்கிட்டு கழுவுற தண்ணியோட போறது. கழுவுறதுக்கு முன்னாடி பழைய பேப்பர்ல ஒரு வழி வழிச்செடுத்தாலே பாதிக்கு மேல குறைஞ்சிடும், அந்தச் சின்னப் பையன்கிட்ட நீங்களே நின்னு ஒரு வாரம் செய்ய வச்சா பழகிடும்.

அப்புறம் கிரீஸ் ட்ராப். பெரிய விஷயம் இல்ல, தொட்டி, நடுவுல தடுப்பு, தண்ணி உள்ள வந்து அரை மணி நேரமாச்சும் அசையாம நிக்கிற அளவு இருக்கணும், எண்ணெ மேல வந்து மிதக்கும், சோறு, மாவு கீழ படியும், நடுவுல இருக்கிற தண்ணி மட்டும் அடுத்த பக்கம் போகும். தொட்டில கால் பங்கு எண்ணெயும் சேறும் சேந்ததும் வழிச்சு எடுத்துடணும், அங்கதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க, தொட்டி கட்டுறதோட மறந்துடுவாங்க. பாம் ஆயில் ஊத்துறீங்கன்னா இன்னும் மோசம், சூடா இருக்கிறப்ப தண்ணி கணக்கா ஓடிட்டு கொஞ்ச தூரம் போய் ஆறினதும் குழாய்க்குள்ளயே கட்டிக்கும். சுடுதண்ணி ஊத்தினா கரைஞ்சு போச்சுன்னு நினைப்பீங்க, போகல, பக்கத்து வீட்டு வாசல்ல போய் கட்டியிருக்கு, அதான் சத்தம்.

வாசோ மாசம் (ஜூன்-ஜூலை) வர்றதுக்குள்ள தொட்டி கட்டிடுங்க, மழைல தோண்ட முடியாது.

வணக்கம். இருபது வருசம் கப்பல்ல என்ஜின் ரூம்ல இருந்தவன் நான். பில்ஜ் தண்ணிய, அதாவது கப்பல் அடில தேங்குற எண்ணெத் தண்ணிய, செப்பரேட்டர்ல (எண்ணெயப் பிரிக்கிற கருவி) விட்டு எண்ணெய் 15 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 15 பங்கு) கீழ வந்தாதான் கடல்ல விடலாம், இல்லன்னா அலாரம் அடிச்சு வால்வு திரும்பிக்கும். அது இருக்கிறப்ப இது எதுக்கு? என்ன புதுசா பண்ணிடும்?
(ஓய்வு பெற்ற கப்பல் பொறியாளர், மோல்மீன்)

சரியான ஆள் கேட்டிருக்கீங்க சார். நான் சொல்லப்போறதுல பாதி உங்களுக்குத் தெரியும், மத்தவங்களுக்காக சேத்து எழுதுறேன்.

தண்ணில எண்ணெய் எந்த அளவுத் துளியா இருக்குங்கிறதுலதான் மொத்த விவகாரமும் இருக்கு. 150 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) மேல இருந்தா அதுவே மேல வந்துடும், தொட்டில நிக்க வச்சாலே போதும், எண்ணெய் ஆலைங்கள்ல கட்டுற ஏபிஐ (அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்) தொட்டி இந்தக் கணக்குல கட்டினதுதான். 20லேர்ந்து 150 வரைக்கும்னா கொஞ்சம் தள்ளாடும், தகடு அடுக்கு, காத்துக் குமிழி, துளிங்கள ஒண்ணு சேக்கிற ஃபில்டர்னு ஏதாச்சும் உதவி வேணும். 20-க்குக் கீழ போயிட்டா, அதுலயும் சோப்பு கலந்துட்டா, தண்ணி பால் நிறத்துக்கு வந்துடும், அதுதான் எமல்ஷன். துளி மேல வர்ற வேகம் அதோட விட்டத்தோட வர்க்கத்தப் பொறுத்தது, அதாவது 150 மைக்ரான் துளியவிட 5 மைக்ரான் துளி 900 மடங்கு மெதுவா ஏறும், மணிக்கு அரை சென்டிமீட்டர் போனா பெருசு, அதுக்குள்ள கப்பல் ஒரு ஆட்டு ஆட்டினா மறுபடி கீழ. என்ஜின் ரூம் தரைய டிடர்ஜென்ட் போட்டுக் கழுவின அன்னைக்கு செப்பரேட்டர் எப்டி மக்கர் பண்ணும்னு நீங்களே பாத்திருப்பீங்க. அதனாலதான் 2005 ஜனவரி 1லேர்ந்து கப்பல்ல பொருத்துற கருவி எமல்ஷன் கலந்த தண்ணியையும் வச்சு சோதனை பண்ணித் தேறியிருக்கணும்னு விதிய மாத்துனாங்க.

பாக்டீரியா படலத்தோட வேல இந்தக் கடைசி ஜாதித் துளிங்ககிட்டதான். அதுவும் சும்மா சின்ன ஓட்டை, பெரிய துளி மாட்டிக்கும்ங்கிற கணக்கு மட்டும் இல்ல. செல்லுலோஸ்ல எங்க பாத்தாலும் தண்ணியப் புடிச்சு வச்சுக்கிற ஹைட்ராக்ஸில் தொகுதி இருக்கு, முதல்லயே நல்லா நனைச்சு வச்சுட்டா ஒவ்வொரு இழையச் சுத்தியும் தண்ணி போய் உக்காந்துடும். ரங்கூன் பஸ்ல எல்லா சீட்லயும் ஆள் உக்காந்திருந்தா புதுசா ஏறினவன் கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்க வேண்டியதுதான், எண்ணெத் துளியும் அப்டித்தான், ஒட்டுறதுக்கு இடம் இல்லாம உருண்டையா நிக்கும். தண்ணிக்குள்ள அந்தத் துளி படலத்தோட தொடுற கோணத்த அளந்தா 150 டிகிரிக்கு மேல வருது, அதாவது கிட்டத்தட்ட ஒட்டவே இல்லன்னு அர்த்தம். மீன் செதில் மேல எண்ணெய் ஒட்டாததுக்கும் இதுதான் காரணம்னு 2009-ல சீனாவுல லெய் ஜியாங்கோட குழு ஆராய்ச்சி பண்ணிச் சொன்னதுக்கப்புறம்தான் உலகம் பூரா இந்த மாதிரி படலத்து மேல ஒரு கண்ணு விழுந்துச்சு. எண்ணெய் கலந்த ஆத்துத் தண்ணில மீன் செதில் சுத்தமா இருக்கிறத நம்மாளுங்க எத்தன பேர் பாத்திருப்போம், ஏன்னு கேக்கல.

இதுல மூணு சிக்கல் இருக்கு, அத மறைச்சுட்டு நல்லத மட்டும் எழுதறது எனக்குப் புடிக்காது. காஞ்ச படலத்துல முதல்ல எண்ணெய் பட்டுட்டா அது போய் சீட்டப் புடிச்சுக்கும், அப்புறம் தண்ணி விட்டு என்ன பண்ணாலும் பழையபடி வராது, அதனால எப்பவும் ஈரமா வச்சிருக்கணும். ஓட்டைங்க மைக்ரானுக்கும் கீழங்கிறதால தண்ணி மெதுவாத்தான் இறங்கும், சரி பம்ப் வச்சு அழுத்தலாம்னா ஒரு அளவுக்கு மேல அழுத்தம் போனா துளி நசுங்கி நீண்டு உள்ள புகுந்து அந்தப் பக்கம் வந்துடும். மூணாவது, ஒட்டலன்னாலும் துளிங்க படலத்து முன்னாடி நெருக்கியடிச்சு ஒரு அடுக்காவே நின்னுடும், தண்ணி வர்றது குறைஞ்சுக்கிட்டே போகும், அப்பப்ப நல்ல தண்ணிய திருப்பி விட்டு அலசணும், இல்லன்னா கழிவுத்தண்ணிய படலத்து மேல குறுக்குவாக்குல வேகமா ஓட விட்டு அடுக்கு படியாம பாத்துக்கணும். ஆராய்ச்சிக்காரங்க இப்ப மல்லுக்கட்டுறது எல்லாம் இந்த வேகத்துக்காகத்தான், படலத்த மிக்ஸில அடிச்சு கூழாக்கி மறுபடி மெல்லிசா படிய வைக்கிறாங்க, டைட்டானியம் டைஆக்சைடுங்கிற பொடிய ஏத்துறாங்க. இன்னொரு கூட்டம் நேர்மாறா, படலத்த உறைய வச்சு உலத்தி தண்ணி ஒட்டாத மருந்து பூசி, எண்ணெய மட்டும் குடிக்கிற ஸ்பாஞ்சாக்குறாங்க, அது மிதக்குற எண்ணெய்க்கு நல்லது, எமல்ஷனுக்கு முதல் வகைதான்.

ஆக உங்க செப்பரேட்டருக்கு இது போட்டி இல்ல சார், அது வேல முடிச்சதுக்கப்புறம் மிஞ்சுற பால் தண்ணிக்கு.

சயா (ஐயா), இன்ஜினியரிங் ரெண்டாம் வருசம். ப்ராஜெக்டுக்கு இத நானே வளத்துப் பாக்கலாம்னு இருக்கேன், லேப் வசதி கம்மி. முடியுமா? அம்மா திட்டாம வீட்ல பண்ண முடியுமா?
(மாணவி, ரங்கூன்)

முடியும்மா, அம்மா திட்டுறதுக்கு மட்டும் நான் பொறுப்பில்ல, வினிகர் வாடை வரத்தான் செய்யும்.

வடிகட்டின தேங்காத்தண்ணில லிட்டருக்கு ஒரு 50 கிராம் சர்க்கரை போட்டு கொதிக்க வச்சு ஆற விடு, கொஞ்சம் வினிகர் ஊத்தி புளிப்பாக்கு, பிஹெச்ங்கிற புளிப்பு அளவு 4லேர்ந்து 5 வந்தா நல்லது, புளிப்பு இருந்தா வேற கிருமி சீக்கிரம் ஏறாது. உயிரோட இருக்கிற கொம்புச்சா ஆடைல ஒரு துண்டும் அது கிடந்த தண்ணியும் சேத்து, அகலமான கண்ணாடித் தட்டுல ஊத்தி, மேல சுத்தமான துணியக் கட்டி வை, மூடி போட்டு இறுக்காத, காத்து இல்லன்னா நெய்யாது. அசைக்கவே கூடாது, தினம் தூக்கித் தூக்கிப் பாத்தா படலம் அடுக்கு அடுக்கா பிரிஞ்சுதான் வரும். 28லேர்ந்து 30 டிகிரி அதுக்கு சுகம், அதனால திஞ்ஜான் (ஏப்ரல்ல வர்ற பர்மா புத்தாண்டு) சமயத்து வெயில்ல ஆரம்பிக்காத, மழை புடிச்சு கொஞ்சம் குளுந்ததும் வை. ஒரு வாரத்துலேர்ந்து ரெண்டு வாரத்துல எடுக்கிற மாதிரி வந்துடும். பச்சையா, கருப்பா, பஞ்சு பஞ்சா ஏதாச்சும் மேல பூத்தா பூஞ்சை, மொத்தத்தையும் கொட்டிட்டு முதல்லேர்ந்து ஆரம்பி, அத மட்டும் சுரண்டிட்டு தொடரலாம்னு நினைக்காத.

காஸ்டிக் சோடா வச்சு கழுவுற வேல மட்டும் வீட்ல வேணாம். காலேஜ் லேப்ல, கண்ணாடி, கிளவுஸ் போட்டு, சார் பக்கத்துல நிக்கிறப்ப பண்ணு, அது கண்ணுல பட்டா கண்ணு போயிடும். கழுவி கழுவி தண்ணியோட பிஹெச் சாதாரணத் தண்ணி அளவுக்கு வந்ததும் ஈரத்தோடயே ஃபிரிட்ஜ்ல வை. வெயில்ல காயப் போட்டா இழைங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஓட்டை அடைஞ்சு பேப்பராயிடும், மறுபடி ஊற வச்சாலும் பழைய நிலைக்கு வராது.

சோதனைக்கு சமையல் எண்ணெயும் தண்ணியும் ஒரு சொட்டு டிஷ்வாஷும் போட்டு மிக்ஸில அடிச்சா நல்ல எமல்ஷன் கிடைக்கும். மார்க் வேணும்னா, தெளிவா தண்ணி வந்துச்சுன்னு போட்டோ போட்டு முடிச்சுடாத, எல்லாரும் அதத்தான் பண்றாங்க. ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு எத்தன லிட்டர் இறங்குச்சு, என்ன அழுத்தத்துல, அரை மணி கழிச்சு அது எவ்ளோ குறைஞ்சுச்சு, கழுவினதும் எவ்ளோ திரும்பி வந்துச்சு, இத எழுது. வெளிய வந்த தண்ணில எண்ணெய் எவ்ளோ இருக்குன்னும் அளக்கணும், நம்ம நாட்டு 2015 சுற்றுச்சூழல் வழிகாட்டுதல்ல பொதுவா லிட்டருக்கு 10 மில்லிகிராம் எண்ணெய், கிரீஸ்னு வச்சிருக்காங்க, அதோட ஒப்பிட்டு எழுதினா ப்ராஜெக்ட்டுக்கு ஒரு வெயிட் வரும்.

எங்க தாத்தா ரங்கூன் பக்கத்துல இருக்கிற சிரியம் எண்ணெய் ஆலையில வேல பாத்தவர். 42-ல எல்லாத்தையும் கொளுத்தினப்ப புகை ரங்கூன் வரைக்கும் தெரிஞ்சுச்சுன்னு சொல்வார். இப்ப மாகுவே பக்கம் கையால கிணறு போட்டு எண்ணெய் எடுக்கிறாங்களே, அதோட வர்ற தண்ணிக்கு இந்த வடிகட்டி ஆகுமா?
(சிரியம் பெரியவர்)

தாத்தா சொன்னது சரிதான் ஐயா. ஜப்பான்காரன் கையில கிடைக்கக் கூடாதுன்னு 1942 மார்ச்சுல சிரியத்தையும், அடுத்த மாசம் மாகுவே பக்கம் யெனாஞ்சாங் எண்ணெய்க் கிணறுங்களையும் பிரிட்டிஷ்காரங்களே அழிச்சாங்க. யெனாஞ்சாங்ல அவங்க வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே பரம்பரை பரம்பரையா சில குடும்பங்களுக்குன்னு கிணறு இருந்துச்சு, ஆள் கயித்துல இறங்கி தோண்டுவாங்க, கேஸ்ல மூச்சு முட்டி மேல இழுப்பாங்க, அந்தக் கதை தனியா எழுத வேண்டியது.

உங்க கேள்விக்கு வர்றேன். கிணத்துலேர்ந்து எண்ணெயோட சேந்து உப்புத் தண்ணி வரும், கிணறு பழசாக ஆக எண்ணெயவிட தண்ணிதான் ஜாஸ்தி வரும். உப்பு செல்லுலோஸ ஒண்ணும் பண்ணாது, அது நல்ல சேதி. ஆனா கச்சா எண்ணெய் சமையல் எண்ணெய் மாதிரி சாது இல்ல, அதுல ஆஸ்ஃபால்டீன்னு தார் சமாச்சாரம் இருக்கு, துளியச் சுத்தி தோலாட்டம் புடிச்சுக்கிட்டு துளிங்கள சேர விடாது, படலத்துலயும் அப்பிக்கும். சேறும் கூடவே வரும். முதல்ல தொட்டி, அப்புறம் மணல், அப்புறம்தான் படலம், அதுவும் யாராச்சும் தினம் அலசி விட்டாதான் நிக்கும். இன்னொண்ணு, செல்லுலோஸ தின்னுற பூஞ்சையும் பாக்டீரியாவும் நம்ம ஊரு சூட்டுல எங்கயும் இருக்கு, அதனால இது மாசக்கணக்குல சேத்துத் தண்ணில கிடந்தா அரிச்சுப் போகும். அதுக்கு பயந்து ப்ளீச்சிங் தண்ணி ஊத்துவாங்க, அது இன்னும் வேகமா படலத்த அரிக்கும். வேற பொருள் கலந்து ஆயுசக் கூட்டப் பாக்குறாங்க, கூட்டினா மக்குறது குறையும், எது வேணும்னு அவங்கவங்கதான் முடிவு பண்ணணும்.

என் அபிப்பிராயம், அந்தக் கிணத்துக்காரங்களுக்கு இப்ப முதல்ல வேணும்கிறது வரப்பு கட்டின, அடில தார்ப்பாய் விரிச்ச ஒரு நல்ல குழி. அதுவே இல்லாத இடத்துல நானோ வடிகட்டியப் பத்திப் பேசுறது எனக்கு கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு.

வடிகட்டின தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குன்னு வீடியோல காட்டுறாங்க. குடிக்கலாமா?
(பெகு வாசகி)

வேணாம் அக்கா. துளியா இருக்கிற எண்ணெய்தான் நிக்கும், தண்ணில கரைஞ்சு போன பென்சீன், உப்பு, உலோகம் எல்லாம் தண்ணியோட தண்ணியா அந்தப் பக்கம் வந்துடும், கண்ணுக்குத் தெரியாது. சைக்கிள் கழுவுங்க, ஆனா அந்தத் தண்ணில கறிவேப்பிலைச் செடி கூட வைக்காதீங்க.

ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன் அண்ணே. படலம் மக்கும்னு சொல்றீங்க, அப்போ யூஸ் பண்ணி முடிச்சத பின்னாடி மண்ணுல புதைச்சிடலாமா?
(லைங்தாயா வாசகர்)

படலம் மக்கும் தம்பி, அதுல ஏறியிருக்கிற என்ஜின் ஆயில் மக்காது, மழை பெஞ்சா கிணத்துக்குத்தான் போகும். பழைய ஆயில் ட்ரம்மோட சேத்து வச்சு, அத எடுத்துட்டுப் போறவங்ககிட்டயே குடுத்துடுங்க. அப்டியே இன்னொண்ணு, தரைல ஆயில் கொட்டினா உடனே சோப்புத் தண்ணி ஊத்தித் தேய்க்காதீங்க, மரத்தூளப் போட்டு உறிஞ்ச விட்டு கூட்டி அள்ளுங்க, சோப்பு போட்டீங்கன்னா நீங்களே எமல்ஷன் தயார் பண்ணி சாக்கடைக்கு அனுப்புறீங்க.